ஹரிக்கேன் கரைக்கு வராதாம், பீச்சுக்குப் போகலாமா? முன்னறிவிப்பைப் படிக்கப் பழகுவோம்

ஆகஸ்ட், செப்டம்பர் வந்துவிட்டால் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும். அட்லாண்டிக் நடுவே ஹரிக்கேன் (அங்கே பெரும்புயலுக்குப் பெயர்) இருக்கும் இடமாக ஒரு புள்ளி, அதிலிருந்து வெள்ளையாக விரிந்துபோகும் ஒரு புனல். புனல் நம் கரையைத் தொடவில்லை என்றால் உடனே யாராவது "அப்பாடா, கடலோடு போகுது, சனிக்கிழமை பீச் பிளான் அப்படியே இருக்கட்டும்" என்று போடுவார்கள். ஒரு வருடம் அதைப் போட்டது நான்தான். போயும் பார்த்தேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலம், காற்று பெயருக்குத்தான், ஆனால் தண்ணீரில் ஒரு ஆள் இல்லை, லைஃப்கார்ட் மேடையில் இரண்டு சிவப்புக் கொடி. சரி, மணலிலாவது உட்காருவோம் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால், கார் டயர் பாதிவரை உப்புத் தண்ணீரில் நிற்கிறது. அன்றைக்கு மழை ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லை.

கரைக்கு வரும் புயலென்றால் காற்று, மழை, அப்புறம் கடல் என்று பார்ப்போம். கடலோடு போகிற புயலுக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ஆனாலும் எல்லோர் கையிலும் முதலில் வந்து சேர்வது அந்தப் புனல் படம்தான் என்பதால், அதில் என்ன இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

படி 1: புனலில் என்ன இல்லை

படத்தைப் போடுவது மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம். காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று (கோடைக்காலக் கிழக்கு நேரப்படி) ஒரு நாளைக்கு நான்கு முறை முழு அறிவிப்பு வரும். கரையில் எங்காவது எச்சரிக்கை அமலில் இருந்தால் நடுநடுவிலும் சின்ன அறிவிப்புகள் வரும். உங்களுக்கு ஃபார்வர்டில் வந்தது எந்த மணிப் படம் என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் அது முந்தாநாள் படமாக இருக்கும்.

புனல் காட்டுவது புயலின் மையப்புள்ளி எந்தப் பக்கம் போகலாம் என்பதை மட்டும்தான். கடந்த 5 வருடங்களில் தங்கள் கணிப்பு எவ்வளவு தூரம் தவறியது என்று கணக்குப் போட்டு, ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை மையம் உள்ளே இருக்கும்படி அந்த அகலத்தை வரைகிறார்கள். அப்படியென்றால் மூன்றில் ஒரு தடவை மையமே வெளியே போகலாம். புயல் எவ்வளவு பெரியது, அலை எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் அதில் கிடையவே கிடையாது. புனலின் ஓரத்துக்கு வெளியே இருக்கிறோம் என்பதால் பத்திரமாக இருக்கிறோம் என்று அர்த்தமில்லை.

படி 2: எழுத்தில் வரும் அறிவிப்பில் மூன்று வரி

படத்தை மூடிவிட்டு, அதே பக்கத்தில் எழுத்தாக இருக்கும் அறிவிப்பைத் திறங்கள். எல்லாம் பெரிய எழுத்திலும் சுருக்கக் குறியீட்டிலும் இருக்குமே என்று பயப்பட வேண்டாம், பொதுமக்களுக்கான அறிவிப்பு சாதாரண ஆங்கிலத்தில்தான் இருக்கும். மையம் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் என்ன வேகத்தில் நகர்கிறது, காற்று மையத்திலிருந்து எத்தனை மைல்வரை வீசுகிறது என்ற மூன்றையும் தேடிப்பிடியுங்கள்.

கேட்டகரி நம்பரைத்தான் எல்லோரும் தேடுவார்கள். அது புயலின் ஏதோ ஓரிடத்தில் வீசும் உச்சக் காற்றை வைத்துத் தருவது. மணிக்கு 74 மைலில் கேட்டகரி 1, 111 மைலில் 3, 157 மைலில் 5. கடலில் இருநூறு மைல் தள்ளிப் போகிற புயலுக்கு அந்த எண் உங்கள் வாசலைப் பற்றி அதிகம் சொல்லாது. மூன்றாவதாகச் சொன்ன அகலம்தான் சொல்லும். கேட்டகரி 2-க்கு இறங்கிய பிறகும் புயல் அகலத்தில் ஊதிக்கொண்டே போவது சாதாரணம், அகலம் கூடினால் கடலைக் கலக்கும் பரப்பும் கூடும். "வலு குறைந்தது" என்ற தலைப்புச் செய்தியைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

படி 3: நாம் எந்தப் பக்கம்

வட கோளத்தில் புயலின் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். புயல் வடக்கே போகிறது, கரை அதன் இடது பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் சுழலும் வேகத்திலிருந்து நகரும் வேகம் கழிந்துவிடும், வலது பக்கத்தில் கூடும். அதனால் கரைக்குக் கிடைப்பது புயலின் சாதுவான பக்கம். முதலில் வடகிழக்கிலிருந்து காற்று, புயல் நமக்கு நேராக வரும்போது வடக்கு, தாண்டியதும் வடமேற்கு.

இந்தத் திசை மாற்றத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குக் காற்று கடல் தண்ணீரைக் கரைமேல் தள்ளும். வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் மாதிரி ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல் என்று மெலிந்து கிடக்கும் தீவுகளில் காற்று திரும்பியதும் காயல் தண்ணீர் பின்வாசல் வழியாக ஏறும். 2019-இல் டோரியன் புயலின்போது ஒக்ரகோக் தீவு அப்படித்தான் பாம்லிகோ காயல் பக்கத்திலிருந்து மூழ்கியது. காற்றுதான் திரும்பிவிட்டதே என்று அங்கே இருப்பவர்கள் மூட்டையைப் பிரிக்கக் கூடாது.

படி 4: மிதவையில் பீரியடைப் பாருங்கள்

இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

கரைக்கு அப்பால் கடலில் அளவுக்கருவிகளோடு மிதவைகள் மிதந்துகொண்டிருக்கின்றன. தேசிய மிதவைத் தரவு மையத்தின் தளத்துக்குப் போனால் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், உங்களுக்குப் பக்கத்துப் புள்ளியைத் தட்டுங்கள். ஹேட்டரஸ் முனை அருகே இருப்பது 41025, டயமண்ட் ஷோல்ஸ் மிதவை. வரும் எண்களில் இரண்டு போதும்: அலை உயரம், அப்புறம் டாமினன்ட் பீரியட், அதாவது ஒரு பெரிய அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை விநாடி.

உதாரணத்துக்குத் திங்கட்கிழமை காலை 3 அடி, 7 விநாடி என்று இருக்கிறது. அது பக்கத்துக் காற்று கிளப்பிய சாதாரண அலை. மதியம் பார்த்தால் அதே 3 அடி, ஆனால் 15 விநாடி. உயரம் கொஞ்சமும் மாறவில்லை, கரையில் நிற்பவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் புயல் அனுப்பிய முதல் ஆள் வந்துவிட்டான். ஆழ்கடலில் 7 விநாடி அலையின் நீளம் சுமார் 250 அடி, 15 விநாடி அலைக்கு 1,150 அடி. உயரம் ஒன்றாகவே இருந்தாலும் நீளமானது கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல், ஆழம் குறைந்ததும் அது எழும்பி நிற்பதும் அதிகம். கன்னியாகுமரிப் பக்கம் கள்ளக்கடல் என்பார்களே, எங்கோ தூரத்துப் புயல் அனுப்பிய அலை காற்றும் மழையும் இல்லாத நாளில் வந்து ஏறுவது, அதற்குப் பங்காளிதான் இது.

எப்போது வந்து சேரும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பீரியடை ஒன்றரையால் பெருக்கினால் அலைக்கூட்டம் நகரும் வேகம் நாட் (knot, மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் கிடைக்கும். 15 விநாடி என்றால் 22.5 நாட், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 26 மைல். 600 மைல் தள்ளி இருக்கும் புயலின் அலை கிட்டத்தட்ட ஒரே நாளில் வந்துவிடும், புயலோ மணிக்கு 10, 12 மைலில் ஊர்ந்துகொண்டிருக்கும். இதனால்தான் கடல் முதலில் கெடுகிறது, வானம் கடைசியில். சொல்லப்போனால் புயலைச் சுற்றிக் காற்று கீழே இறங்கும் இடங்களில் மேகம் கலைந்து வானம் இன்னும் பளிச்சென்று ஆகிவிடும். நான் போன சனிக்கிழமை அப்படிப்பட்டதுதான்.

மிதவை சொல்லும் உயரம் மொத்த அலைகளில் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 8 அடி என்று போட்டிருந்தால் நடுவில் அதைப்போல இரு மடங்கு வரை ஒன்று வரலாம். 2009-இல் பில் புயல் கரையை விட்டுத் தள்ளிப் போனபோது மேய்ன் மாநிலத்தின் அகேடியா தேசியப் பூங்காவில் பாறைமேல் நின்று அலையை வேடிக்கை பார்த்தவர்களை அப்படி ஒன்று அடித்துக்கொண்டு போனது, ஒரு சிறுமி இறந்துபோனாள். பாறை ஈரமாக இருக்கிறதா, அந்த இடம்வரை தண்ணீர் ஏற்கெனவே வந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கே நிற்காதீர்கள்.

படி 5: ஹை டைட் மணிகளை எழுதி வையுங்கள்

உங்கள் ஊரின் டைட் அட்டவணையில் (கடல் மட்டம் தினமும் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) அடுத்த நான்கைந்து ஹை டைட், அதாவது மட்டம் உச்சத்துக்கு ஏறும் மணிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அலை நாள் முழுக்க அடித்தாலும் சாலைக்குத் தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் அந்த மணிகளை ஒட்டித்தான். என் கார் நனைந்ததும் அதனால்தான், வண்டியை விட்டபோது நீர் இறங்கியிருந்தது, எடுக்கப் போனபோது ஏறியிருந்தது. புயல் மெதுவாகப் போனால் ஒன்றல்ல, மூன்று நான்கு ஹை டைட்டுக்குத் தொடர்ந்து ஏறும். முதல் தடவை மணல்மேட்டை அரிக்கும், அடுத்த தடவை அந்த ஓட்டை வழியாகவே உள்ளே வரும்.

டைட் அளவுகோல் வரைபடத்தில் இரண்டு கோடு இருக்கும், அட்டவணைப்படி எவ்வளவு, உண்மையில் எவ்வளவு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். முன்னறிவிப்பில் "இத்தனை அடி" என்று வந்தால், அது தரைக்கு மேலேயா, சராசரித் தாழ்நீர் மட்டத்திலிருந்தா என்றும் ஒருமுறை சரிபாருங்கள். தரைக்கு மேலே 2 அடி என்றால் காரை எடுத்துவிட வேண்டும், மற்றதில் 2 அடி என்றால் பல ஊர்களில் அது தினசரி நடப்பு.

படி 6: உள்ளூர் வானிலை அலுவலகம் என்ன சொல்கிறது

தேசிய வானிலைச் சேவைக்கு ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அலுவலகம் உண்டு. மயாமி புயலைப் பார்க்கிறது, இவர்கள் உங்கள் கரையைப் பார்க்கிறார்கள். வாட்ச் என்றால் வரலாம், வார்னிங் என்றால் வரப்போகிறது. ட்ராபிகல் ஸ்டார்ம் (ஹரிக்கேனைவிட வலு குறைந்த புயல்) வாட்ச் 48 மணி நேரம் முன்னால், வார்னிங் 36 மணி நேரம் முன்னால் விடுவது வழக்கம். கடலோடு போகும் புயலுக்கு இந்த இரண்டும் வராமலே போகலாம். ஹை சர்ஃப் அட்வைசரி (கரையில் பெரிய அலை), கோஸ்டல் ஃப்ளட் அட்வைசரி (கரையோர வெள்ளம்), ரிப் கரண்ட் (கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம்) அறிவிப்பு இவைதான் வரும், பெயர் சாதுவாக இருப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒரு ரகசியம் சொல்கிறேன். ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன் என்று ஒரு இணைப்பு இருக்கும், வானிலையாளர்கள் தங்கள் யோசனையை வரிவரியாக எழுதி வைப்பது. எதில் உறுதியாக இருக்கிறார்கள், எதில் தயங்குகிறார்கள் என்பது அதில்தான் தெரியும். ஆரம்பத்தில் பாதி புரியாது, பரவாயில்லை, நேற்றைய டிஸ்கஷனையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்து எது மாறியது என்று மட்டும் பாருங்கள்.

படி 7: இனி பீச் கேள்வி

2025 ஆகஸ்டில் எரின் புயல் கேட்டகரி 5 வரை போய், பிறகு வலு குறைந்து, அமெரிக்கக் கரையைத் தொடாமலே போனது. ஆனால் அது அமெரிக்கக் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி பஹாமாஸ் பக்கம் இருந்தபோதே, 18-ஆம் தேதி வட கரோலினாவின் ரைட்ஸ்வில் பீச்சில் ஒரே நாளில் குறைந்தது 60 பேரை ரிப் கரண்டிலிருந்து மீட்க வேண்டியதாயிற்று. ஹேட்டரஸ், ஒக்ரகோக் தீவுகளைக் காலிசெய்யச் சொன்னார்கள், 12-ஆம் எண் நெடுஞ்சாலை மேல் கடல் ஏறியது.

உடைந்த அலைகளின் தண்ணீர் திரும்பிப் போக ஒரு சந்து தேடும், அதுதான் ரிப் கரண்ட். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் கருமையாக, அமைதியாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் அங்கேதான் இறங்குவார்கள், பார்க்கச் சாதுவாக இருப்பதால். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், ஒலிம்பிக் நீச்சல்காரரையும் அது இழுத்துவிடும். மிதங்கள், கரைக்குப் பக்கவாட்டில் நீந்துங்கள், இழுவை விட்டதும் சாய்வாகக் கரைக்கு வாருங்கள். காப்பாற்றுகிறேன் என்று கையை வீசிக்கொண்டு குதிக்காமல், மிதக்கிற எதையாவது எறிந்துவிட்டு 911 கூப்பிடுங்கள். இரண்டு சிவப்புக் கொடி என்றால் தண்ணீர் மூடியாயிற்று, கால் நனைப்பதும் சேர்த்துத்தான்.

புயல் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் போன பிறகும் பழைய அலை ஓரிரு நாள் வந்துகொண்டிருக்கும், செய்தியில் அதற்குள் வேறு விஷயம் ஓடும். அந்த நாட்களிலும் காலையில் மிதவைப் பக்கத்தைத் திறந்து பீரியடைப் பார்க்கிறேன். எட்டு, ஒன்பது விநாடிக்கு இறங்கி, ரிப் கரண்ட் அறிவிப்பும் எடுக்கப்பட்ட பிறகுதான் குழுவில் சனிக்கிழமை பற்றிப் பேச்செடுப்பேன்.