வீட்டுத் தொழிலில் விலை போடாமல் விடும் நேரம்: குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிங்கப்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் விலைப்பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, எல்லாம் சிவப்பு மூடி போட்ட பாட்டில்களில். விலையை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "மாவு, எண்ணெய், பாட்டில் எல்லாம் சேர்த்து இவ்வளவு ஆச்சு, அதுக்கு மேல கொஞ்சம் வெச்சோம்." அந்தக் கொஞ்சம் யாருடைய கூலி, எத்தனை மணி நேரத்துக்கான கூலி என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் இருப்பவர்களின் நேரத்துக்கு விலை கிடையாது என்று முடிவுகட்டிவிடுவதுதான் வீட்டுத் தொழிலின் முதல் தவறு. மற்றவை பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் 60 பாட்டில் முறுக்கு செய்து, பாட்டில் 12 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 720 வெள்ளி. மாவு, உளுந்து, வெண்ணெய், எண்ணெய், எரிவாயு, பாட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பாட்டிலுக்கு நாலரை வெள்ளி என்றால் 270. கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு 60. மிச்சம் 390 வெள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது நேரத்தை எழுதுங்கள். உளுந்தை வறுத்து அரைத்துச் சலிப்பது, பிழிவது, பொரிப்பது, ஆறவைத்து அடைப்பது, நள்ளிரவில் அடுப்படியைத் தேய்த்துக் கழுவுவது, இடையிடையே வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது எல்லாம் சேர்த்து மனைவிக்கு 40 மணி நேரம். மாமியாருக்கு 20. ஈசூனுக்கும் ஜூரோங்குக்கும் பாட்டில்களோடு அலைந்த கணவருக்கு 8. மொத்தம் 68. அப்படியானால் மணிக்குக் கிடைப்பது 5 வெள்ளி 74 காசு. வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், பகுதிநேரமாக வேலை செய்யும் உள்ளூர்வாசிக்கு மணிக்குக் குறைந்தது 10 வெள்ளி 50 காசு தர வேண்டும் என்று 2024 ஜூலையில் விதி வந்தது. அதில் பாதியைச் சற்றே தாண்டிய கூலிக்குத்தான் நம் வீட்டுப் பெண்கள் அடுப்பருகே நிற்கிறார்கள்.

அதே 10 வெள்ளி 50 காசை இந்த 68 மணி நேரத்துக்கும் போட்டால் ஒரு பாட்டில் 17 வெள்ளி 40 காசுக்கு விற்றாக வேண்டும். அந்த விலைக்கு ஆள் வராது என்று பயந்து பலர் செய்வது, ஆர்டரை இரண்டு மடங்காக்குவது. கையால் செய்யும் வேலையில் பாட்டில் கூடக் கூட மணியும் கூடும். இடுப்பு வலிதான் மிஞ்சும். அதைவிட, நேரத்தைத் தின்னும் பண்டம் எது என்று பாருங்கள். அச்சு முறுக்குக்கு ஒவ்வொரு முறையும் அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விட வேண்டும். அதையும் சாதாரண முறுக்கையும் ஒரே விலைக்கு விற்பதில் நியாயமில்லை. அதற்குத் தனி விலை வையுங்கள், அல்லது பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆள் வைத்துச் சமாளிக்கலாமே என்றால் இங்கே அதற்கு வழியில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டில் சிறிய அளவில் சமைத்து விற்கத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் வசிப்பவர்கள் மட்டுமே தொழிலைச் செய்யலாம். வெளியாளைச் சம்பளத்துக்கு அமர்த்தக் கூடாது, பெயர்ப்பலகை மாட்டக் கூடாது, அக்கம்பக்கத்துக்கு இடைஞ்சல் கூடாது. பணிப்பெண் கூடவே வசிக்கிறாரே என்று அவரை இழுப்பதும் தவறு. அவருக்கான அனுமதி வீட்டு வேலைக்கு மட்டும்தான். மீறினால் முதலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். "சும்மா பாட்டில்தானே மூடுறாங்க" என்பதெல்லாம் எடுபடாது. அபராதம் கிடக்கட்டும், பகல் முழுக்க வீட்டு வேலை செய்தவரை இரவில் முறுக்குப் பிழிய வைப்பது மனசாட்சிக்கே அடுக்காது.

தமிழ்நாட்டிலிருந்து கணவரோடு டிபென்டன்ட் பாஸில் (இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தார் தங்குவதற்கான அனுமதி) வந்திருக்கும் சகோதரிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2021 மே முதல் விதிகள் இறுகிவிட்டன. தொழில் நடத்த மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் வேண்டும். உள்ளூர்வாசி ஒருவரையாவது மசேநி (மத்திய சேம நிதி) கட்டி வேலைக்கு வைத்திருப்பதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. அடுப்படியில் நடக்கும் தொழிலுக்கு இது எட்டாத தூரம். சில நூறு வெள்ளிக்காகக் குடும்பத்தின் இருப்பையே பணயம் வைக்க வேண்டாம்.

சரி, கணக்குப் போட்டாயிற்று. இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு. அந்த 5 வெள்ளி 74 காசைப் பார்த்ததும் கணவர், "நான் ரெண்டு நாள் ஓவர்டைம் பார்த்தா இதைவிட வரும், எதுக்கு இந்தப் பாடு?" என்று தொழிலையே மூடச் சொல்லிவிடுகிறார். கணக்கு போடச் சொன்னது ஒருவர் நேரம் உயர்ந்தது, இன்னொருவர் நேரம் மலிவு என்று தீர்ப்புச் சொல்வதற்காக இல்லை. பிள்ளை வளர்ப்புக்காகப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேலையை விட்ட பெண்ணுக்கு, தன் கையால் வந்த முதல் 390 வெள்ளியின் அருமை வேறு. தன் பக்குவத்தை மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாமியாருக்கு அந்த 20 மணி நேரம் வருடத்திலேயே நல்ல நேரமாகவும் இருக்கலாம். அதை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் சார்பில் இன்னொருவர், "அவங்களுக்கு இதெல்லாம் ஆசைதான்" என்று சொல்லிக் கூலியை விழுங்கிவிடக் கூடாது. மணியை எழுதி வைத்தால்தான் இந்தப் பேச்சைச் சண்டையில்லாமல் பேச முடியும். "நானே எல்லாத்தையும் செய்யுறேன்" என்பது குற்றச்சாட்டாகக் கேட்கும். நாற்பது, இருபது, எட்டு என்று தாளில் இருந்தால் அடுத்த முறை எதை மாற்றலாம் என்று பேசலாம்.

உழைப்பவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது என்பது அடுத்த சிக்கல். சுடுவது மனைவி, பணம் வந்து சேரும் பேநவ் எண் கணவருடையது. அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் அக்ராவில் (தொழில்களைப் பதியும் அரசு ஆணையம்) பதிய வேண்டாம். அதோடு ஒரு சொல் சேர்த்துக் கடைப்பெயர் வைத்தால் பதிய வேண்டும்: பெயர் விண்ணப்பத்துக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. வருமானத்தை வரிக் கணக்கில் காட்ட வேண்டும், ரசீதுகளை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். செலவு போக ஆண்டு வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) கட்ட வேண்டும். இதைத் தண்டச் செலவு என்று நினைத்து எல்லாவற்றையும் கணவர் பக்கம் ஒதுக்கிவிடுகிறார்கள். மெடிசேவில் போகும் பணம் எங்கும் போய்விடாது. உழைக்கும் மனைவியின் பெயரில், அவர் மருத்துவத்துக்காக நிற்கும். பத்தாண்டு உழைத்தும் தன் பெயரில் ஒரு வரவுப் பதிவுகூட இல்லாத பெண்ணுக்கு நாளை ஒரு தேவை வந்தால் எதைக் காட்டுவார்?

சட்டம் இந்த விஷயத்தில் நம்மில் பலரைவிடத் தெளிவாக இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தில் 112ஆம் பிரிவைப் பாருங்கள். மணமுறிவில் சொத்தைப் பிரிக்கும்போது, பணம் போட்டவர் யார் என்பதோடு, வீட்டைக் கவனித்தது, பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொண்டது, துணையின் தொழிலுக்குக் கைகொடுத்தது ஆகியவற்றையும் நீதிமன்றம் எடைபோட வேண்டும் என்கிறது. ஒருவர் மட்டுமே சம்பாதித்த நீண்ட மணவாழ்வுகளில் தீர்ப்புகள் சம பங்கை நோக்கியே சாய்கின்றன என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. முஸ்லிம் தம்பதியருக்குத் தனிச் சட்டம், ஷரியா நீதிமன்றம். பிரியும்போது நீதிபதி மதிக்கும் உழைப்பைச் சேர்ந்து வாழும்போது நாம் ஏன் மதிக்கக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் கலக்காதீர்கள். முஸ்தபா கடையில் வாங்கிய எண்ணெயில் எத்தனை டின் முறுக்குக்கு, எத்தனை வீட்டுச் சமையலுக்கு என்று தெரியாவிட்டால் லாபம் என்று எதையும் சொல்ல முடியாது. தனிக் கணக்கு ஒன்று திறந்தால் போதும்.

நகை விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெரிய கிரைண்டர், இரண்டாவது அடுப்பு என்று ஆசை வந்ததும் கல்யாண வளையலை அடகு வைக்கத் தோன்றும். இங்கே அடகுக்கடை வட்டிக்கு உச்சவரம்பு மாதம் 1.5 விழுக்காடு, மீட்க ஆறு மாதம். சின்ன எண்ணாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு அது 18 விழுக்காடு. 2,000 வெள்ளிக்கு அந்த உச்ச வட்டி என்றால் ஆறு மாதத்தில் 180 வெள்ளி, அதாவது மேலே பார்த்த தீபாவளி லாபத்தில் ஏறக்குறைய பாதி. விற்றுவிடலாம் என்றாலோ, வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் திரும்பி வராது. ஆண்டு முழுவதும் ஓடாத தொழிலுக்கு நகையைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் கிரைண்டர் பதினோரு மாதம் மூலையில் கிடக்கும்.

ஆர்டர் எடுக்கும் முன் குடும்ப நாட்காட்டியைப் பாருங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வரும், தீபாவளி ஆர்டர் குவியும் அதே நேரத்தில். வீட்டில் தொடக்கநிலை ஆறு படிக்கும் பிள்ளை இருந்தால் எந்த மாலைகளில் அடுப்பு எரியக் கூடாது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சிய மாலைகளுக்கு ஏற்ற பாட்டில்களுக்கு மட்டும் ஆர்டர் எடுங்கள். கடைசித் தேதியை விலைப்பட்டியலிலேயே போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும், "ரெண்டே ரெண்டு பாட்டில் மட்டும்மா, அதுவும் சொந்தக்கார விலைக்கு" என்று அழைப்பு வரும். அது கணவர் வீட்டு உறவு என்றால், முடியாது என்று சொல்லும் வேலையைக் கணவரே எடுத்துக்கொள்ளட்டும்.