தோண்டிய பிறகு தரைமட்டம் தேடாதீர்கள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த குவான்டிட்டி சர்வேயர் (கட்டுமான வேலையை அளந்து பில் போடுபவர்) பையன் பாதி தோண்டிய பள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, "சார், தோண்டிய அளவைக் கணக்கிட மேல் லெவல் எதை எடுத்துக்கறது?" என்றான். நானும் ஒரு காலத்தில் இப்படி நின்றவன்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பணத்தை இழக்கும் தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். கூட்டல் தப்பு, யூனிட் மாறுவது எல்லாம் பில்லைச் சரிபார்ப்பவரே பிடித்துவிடுவார். அவற்றை விடுகிறேன்.

தோண்டும் முன் லெவல்

என்னுடைய சைட் 40 மீட்டருக்கு 25 மீட்டர். காலையில் ஜேசிபி வந்து நின்றது. வாடகை ஓடுகிறதே என்று ஃபோர்மேன் ஆரம்பித்துவிட்டார், நானும் வாயைத் திறக்கவில்லை. டெண்டர் டிராயிங்கில்தான் லெவல் இருக்கிறதே என்று தைரியம். பில் போட்டதும் அதைச் சரிபார்த்த கன்சல்டன்ட், "தரை அதைவிட 30 செ.மீ. தாழ்வாகத்தான் இருந்தது" என்றார். இல்லை என்று நிரூபிக்கத் தரை எங்கே இருக்கிறது? 1,000 சதுர மீட்டரில் 30 செ.மீ. என்றால் 300 கன மீட்டர். தோண்டியதிலும் போச்சு, மண்ணை வெளியேற்றியதிலும் அதே அளவு போச்சு.

லாரி டிரிப் சீட்டுகளை அள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். வெட்டிய மண் உப்பும். கான்ட்ராக்டில் பணமோ வெட்டும் முன் கிடந்த கன அளவுக்கு. சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எரிச்சலைக் கிளப்புகிறது.

தோண்டும் முன் 5 மீட்டருக்கு ஒரு கோடாகக் கட்டம் (கிரிட்) போட்டு, கோடுகள் சந்திக்கும் இடங்களில் லெவல் எடுத்திருந்தால் அந்த இடத்துக்கு 54 புள்ளிகள். ஆட்டோ லெவலும் (மட்டம் பார்க்கும் கருவி) ஸ்டாஃபும் (அளவு குறித்த கோல்) இருந்தால் அரை நாள் வேலை. எந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலையான புள்ளி) எடுத்தது என்று எழுதி, இரண்டு தரப்பும் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். "நாளைக்குப் போடறேன்" என்பவரை அன்று வீட்டுக்கு விடாதீர்கள். பாறை தட்டினால் வேலையை நிறுத்தி, பாறையின் மேல்மட்டத்துக்கும் இதே சடங்கு. பாறைக்கு ரேட் தனியாக இருந்தால் சண்டை அங்கேதான் வரும்.

பையனின் சைட்டில் நல்லவேளையாக ஒரு மூலை தோண்டாமல் மிச்சமிருந்தது. ஜேசிபியை நிறுத்தச் சொல்லி ஸ்டாஃபை அவன் கையில் கொடுத்தேன்.

வாய்மொழி வேரியேஷன்

வேலையில் ஒரு மாற்றத்தை (வேரியேஷன்) யாராவது வாயால் சொன்னால், அதை எழுதி அன்று மாலையே மெயில் போடுங்கள்.

கிளெய்ம் நோட்டீஸ்

கூடுதல் பணமோ நாளோ கேட்பதுதான் கிளெய்ம். ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகம் (பல நாடுகளில் பயன்படும் மாதிரி கான்ட்ராக்ட்), பிரிவு 20.1: காரணமான சம்பவம் தெரிந்ததிலிருந்து 28 நாளுக்குள் நோட்டீஸ். கணக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் உரிமையே போய்விடும். முதலில் நோட்டீஸ், கணக்கு பிறகு.

கம்பியில் லேப், சேர்

கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நீளத்துக்கும் (லேப்), கம்பியைத் தாங்கும் சேருக்கும் பணம் உண்டா என்பதற்குப் பழைய கம்பெனி வழக்கத்தைப் பார்க்காதீர்கள். இந்த கான்ட்ராக்டின் அளவீட்டு விதியைப் படியுங்கள்.