ஆச்சி, இது பசும்பால் இல்லை

"பச்சைப் பாலையா பிள்ளைக்குக் குடுக்க? ஒரு கொதி வரட்டும்ளா" என்று, ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தாய்ப்பாலை அடுப்பில் ஏற்றப் போன எங்கள் ஆச்சியை ஓடிப்போய்த் தடுத்திருக்கிறேன். ஆச்சி மேல் தப்பில்லை. பால் என்றால் காய்ச்சணும், மிஞ்சினால் மறுபடி காய்ச்சணும், ராத்திரி உறை ஊற்றணும் என்று பழகிய கை அது. பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலில் நாம் செய்கிற தவறுகளில் பாதி இந்தப் பசும்பால் பழக்கத்தில் வருவதுதான்.

கொதிக்க வைத்தால் பிள்ளையை நோயிலிருந்து காக்கிற சத்துகள் கெட்டுப்போகும். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பால் பாத்திரத்தை மூடியோடு சில நிமிடம் அதில் வைத்தாலே போதும். குளிர் விட்டால் சரி, சூடாகத்தான் கொடுக்கணும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், பாத்திரம் தொட இதமாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் மட்டும் பால் கொதித்துக் கிடக்கும், பிள்ளை வாய் வெந்துவிடும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு சங்கில் ஊற்றுங்கள்.

அடுத்தது வெளியில் வைக்கிற கணக்கு. 4 மணி நேரம் வைக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அது 25 டிகிரிக்குள் இருக்கிற அறைக்கு. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நாளில் வேண்டுமானால் அந்தக் கணக்கு சரிவரும், சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டை வீட்டு அடுப்படியில் 25 டிகிரிக்கு எங்கே போக? எடுத்ததும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். அம்பாசமுத்திரத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்து போகிறவர்கள், நன்றாக உறைந்த ஐஸ் பேக் போட்ட பையில் வைத்தால் 24 மணி நேரம் வரை தாங்கும்.

ஃப்ரிட்ஜில் 4 நாள் இருக்கும். ஆனால் கதவில் வைக்காதீர்கள், திறக்கத் திறக்க வெக்கை அடிக்கிற இடம் அது, உள்ளே பின்பக்கமாக வையுங்கள். தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் 6 மாதம் வரை நன்றாக இருக்கும், ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற ஐஸ் பெட்டியை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதில் 2 வாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள். உறைந்த பாலை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளக விட்டு, முழுசாக இளகினதில் இருந்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடணும். திரும்ப உறைய வைக்கக் கூடாது.

அப்புறம், இப்போது பீய்ச்சின சூட்டோடு பழைய குளிர்ந்த பாலில் ஊற்றாதீர்கள், தனியாகக் குளிர வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வாய் வைத்த மிச்சம் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கொட்ட மனசு வராதுதான், எனக்கும் வந்ததில்லை. அதற்குத்தான் 60 மில்லியாகப் பிரித்து வைக்கச் சொல்கிறேன்.

கொட்ட வேண்டாத பாலைக் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மேலே ஏடு மாதிரி, அடியில் தண்ணீர் மாதிரி பிரிந்து நிற்பதைப் பார்த்து "திரிஞ்சு போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தாய்ப்பால் பிரியத்தான் செய்யும், லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். சிலருடைய பாலில் சோப்பு வாடை வரும், பாலில் இருக்கிற லைபேஸ் என்கிற நொதியின் வேலை அது, கெட்டுப்போனதில்லை. புளித்த வாடை வந்தால் மட்டும் கொட்டுங்கள்.

குறைமாதப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.