தாத்தா பாட்டி கையெழுத்தைக் காப்பாற்றி வைப்பது எப்படி

முதலில் தேட வேண்டிய இடம் பத்திரக் கட்டு. கிரயப் பத்திரம், ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் போட்ட புரோநோட்டு, பிள்ளைகளின் ரேங்க் கார்டு ஆகியவற்றில் கையெழுத்து இருக்கும். சார்பதிவாளர் அலுவலக நகலை நம்பாதீர்கள்: அந்தக் காலப் பதிவேட்டில் பத்திரத்தைக் கையால் பெயர்த்து எழுதினார்கள். அதில் பெயர்தான் இருக்கும், கையெழுத்து இருக்காது.

மடிப்பை வலுக்கட்டாயமாக விரித்தால் தாள் அங்கேயே கிழியும். மெதுவாகத் திறந்து, இரண்டு வெள்ளைத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை 2 நாள் அடுக்குங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றிவிடுங்கள். துரு தாளை அரிக்கும். கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம், பசை மஞ்சளாகி மையோடு ஊறும். லேமினேஷன் அதைவிட மோசம்: சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்கவே முடியாது.

600 டிபிஐ (ஸ்கேனரில் தெளிவைக் குறிக்கும் அளவு), கலரில், டிஃப் (TIFF, தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் வகை) கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். அளவு தெரிய ஓரத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். கையெழுத்தை மட்டும் வெட்டாமல் முழுப் பக்கத்தையும், பின்பக்கத்தையும் எடுங்கள். ‘அண்ணாமலை’ என்ற பெயரில் லகரத்துக்கு மேலே தும்பிக்கை போல வளையும் கோடு (பழைய ‘லை’ வடிவம்), 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழக்கம்; டச்சப் செய்கிறேன் என்று அதை அழித்துவிடாதீர்கள்.

கைநாட்டு வைத்தவர்களை விட்டுவிட வேண்டாம். ரேகையின் பக்கத்தில் வேறொருவர் எழுதிய பெயரையும் சேர்த்தே எடுங்கள்.

யார், எந்த ஆண்டு, என்ன பத்திரம் என்பதை உறையின் மேல் பென்சிலால் எழுதி, பிறகு தாளை உள்ளே வையுங்கள்.