சாயாத படகு என்று நம்பிச் செய்யும் தவறுகள்

மதுரைக்காரர்களுக்கு மிதப்பது என்றாலே மாரியம்மன் தெப்பக்குளத்துத் தெப்பம்தான். அகலமாக இருக்கும், ஆடாமல் நகரும். புக்கெட்டிலோ மாலத்தீவிலோ கேட்டமரான் படகை (இரண்டு உடல்களை மேல்தளத்தால் இணைத்த பாய்மரப் படகு) வாடகைக்கு எடுக்கத் திட்டமிடும் நம்மூர் நண்பர்களும் அதை அப்படித்தான் பார்க்கிறார்கள். "அண்ணே, மேஜையில வச்ச காபிகூடச் சிந்தாதாம்!" சிந்தாதுதான். சிக்கலே அதில்தான்.

ஒற்றை உடல் பாய்மரப் படகின் அடியில் கனமான கீல் (படகைச் சாயவிடாமல் நிமிர்த்தும் எடை) இருக்கும். காற்று ஏறினால் படகு சாயும். சாயச் சாயப் பாயில் பிடிபடும் காற்றும் குறையும், ஓட்டுபவருக்கும் விஷயம் புரியும். கேட்டமரான் தன் அகலத்தை நம்பி நிற்கிறது. காற்று வரும் பக்கத்து உடல் தண்ணீரை விட்டு எழும்போதே, சாய்வுக்குப் படகு காட்டும் எதிர்ப்பு உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் சாய்ந்தால் எதிர்ப்பு குறையத்தான் செய்யும். அதனால் 'படகு சாயட்டும், அப்புறம் பாயைச் சுருக்கலாம்' என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. எத்தனை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கி.மீ.) காற்றுக்கு எவ்வளவு சுருக்க வேண்டும் என்ற அட்டவணை படகின் கையேட்டில் இருக்கும். அதைச் சராசரிக் காற்றுக்கு அல்ல, திடீரென்று வலுத்து அடிக்கும் வீச்சுக் காற்றுக்குப் பொருத்திப் பாருங்கள். காற்று 15 நாட்டிலிருந்து 21 ஆனாலே பாயின் மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய இருமடங்காகிவிடும்.

பின்காற்றில் போகும்போது ஏமாறுவது இன்னும் சுலபம். 25 நாட் காற்றில் படகு 9 நாட் வேகத்தில் ஓடினால், தளத்தில் நிற்பவர் உணர்வது 16 நாட்தான். யாராவது தவறி விழுந்து படகைத் திருப்ப நேர்ந்தால், அந்த 25-உம் அதற்கு மேலும் ஒரேயடியாகப் பாயில் அறையும். இரவுக் காவலுக்கு முன்பே பாயை ஒரு கட்டம் சுருக்கிவிடுவது புத்திசாலித்தனம். வேகம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். பெரிய அலைச் சரிவில் படகு பாய்ந்து, அணியம் (படகின் முன்முனை) முன் அலையில் புதைவது வேறு ஆபத்து. அதைத் தடுக்க, பின்னால் இழுபட்டு வேகத்தைக் குறைக்கும் டிரோக் என்ற கருவியை இரண்டு உடல்களிலும் கட்டி விடுவார்கள். அதைக் கரைக்கு அருகே ஒருமுறை விட்டுப் பழகாமல் கிளம்பாதீர்கள்.

இடம் நிறைய இருக்கிறதே என்று சாமான் ஏற்றுவார்கள். 400 லிட்டர் தண்ணீர் என்பது 400 கிலோ. படகு தாழ்ந்தால் இரண்டு உடல்களுக்கும் நடுவிலுள்ள தளத்தின் அடியில் அலை அறைந்துகொண்டே வரும்.

பெரிய பயணக் கேட்டமரான்கள் கவிழ்வது அரிது. ஆனால் கவிழ்ந்தால் தானாக நிமிராது. பெரும்பாலும் தலைகீழாக மிதந்துகொண்டிருக்கும். அதை விட்டுக் கரையை நோக்கி நீந்துவது பெரிய தவறு. தலை மட்டும் தெரியும் மனிதரைவிடக் கவிழ்ந்த படகு தேடுபவர் கண்ணில் சீக்கிரம் படும். உயிர்காப்பு மிதவையும், செயற்கைக்கோளுக்கு அபாயக் குறி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவியும் படகு தலைகீழானாலும் கைக்கு எட்டுமா என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

ராமேஸ்வரம் பக்கம் ஓட்ட நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பாக் நீரிணையில் ஆழம் குறைவு. காற்று ஏறினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். தனுஷ்கோடி அழிந்ததும் 1964 டிசம்பரில்தான். இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல் நிலை முன்னறிவிப்பைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். வி.எச்.எஃப். ரேடியோவில் அவசர அழைப்புக்கு 16-ஆம் சேனல், கைபேசியில் கடலோரக் காவல்படைக்கு 1554. இரண்டையும் ஓட்டுபவர் மட்டுமல்ல, படகில் ஏறும் எல்லோருமே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.