அப்பாவின் காவடிப் படங்களுக்குத் தேதி கிடைத்தது

பினாங்கு தண்ணீர்மலையில் தைப்பூசத்துக்கு அப்பா காவடி எடுத்த படங்கள் எந்த வருடம் எடுத்தவை என்று அம்மா கேட்டார். தங்கை கைப்பேசியில் அனுப்பிய படங்களில் தேதியே இல்லை. படத்தைச் சுருக்கி அனுப்பும்போது உள்ளே இருக்கும் எக்ஸிஃப் தகவல், அதாவது எடுத்த தேதி, கேமரா விவரம் போன்றவை, போய்விடுகிறது. சரி, டாக்குமெண்டாக அனுப்பு என்றேன். முழுசாக வந்தது.

விண்டோஸில் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், அப்புறம் டீடெயில்ஸ். கேமரா மாடல், ஷட்டர் வேகம் எல்லாம் தெரிந்தன. ‘டேட் மாடிஃபைட்’ என்பது கோப்பு கடைசியாக மாறிய நாள். அதை நம்ப வேண்டாம். ‘டேட் டேக்கன்’தான் படம் எடுத்த நாள்.

ஆனால் அதில் 2008 ஜனவரி 1 என்று இருந்தது! அன்றைக்குத் தை மாதமே பிறந்திருக்காது. பேட்டரி தீர்ந்து கேமராவின் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்க வேண்டும். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்ததில், ஒரு தண்ணீர்ப் பந்தல் பேனரில் 2014 என்று இருந்தது. அந்த வருடம் தைப்பூசம் ஜனவரி 17.

முதலில் நகல் எடுத்து வைத்தேன். பிறகு எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில், இந்த இரண்டு தேதிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லாப் படங்களின் தேதியோடும் ஒரே கட்டளையில் கூட்டினேன். அப்பா படியேறிய வரிசை கொஞ்சமும் கலையவில்லை.