பிரவுசரைப் பல கம்ப்யூட்டரில் போடும்போது செய்யக்கூடாதவை

சேலத்தில் கல்லூரி லேப், ஜவுளி ஆபீஸ் என்று பிரவுசர் அமைத்துக் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஃபைல் பெயரைத் தப்பாக அடிப்பது, ரீஸ்டார்ட் செய்ய மறப்பது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். நாம் தொடாமலே மாறிப்போகிற செட்டிங்குகள்தான் என் கவலை. பயர்பாக்ஸை வைத்துச் சொல்கிறேன்.

ப்ரொஃபைலை அப்படியே காப்பி செய்வது

ஒரு கம்ப்யூட்டரில் ஹோம் பேஜ், புக்மார்க் எல்லாம் கையால் அமைத்துவிட்டு, அந்த ப்ரொஃபைல் ஃபோல்டரை (பயர்பாக்ஸ் ஒருவருடைய செட்டிங், புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் வைக்கும் இடம்) பென்டிரைவில் எடுத்துப்போய் மற்றதில் எல்லாம் ஒட்டிவிடுகிறார்கள். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஏற்காட்டில் ஒரு பள்ளி லேபுக்கு ஒரு தம்பி இப்படித்தான் செய்தார். மறுநாள் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. செட்டிங்குகளைக் குறித்துவைக்கும் ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ் ஃபைலைத் திறந்து பார்த்தேன். நெட்வொர்க்.ப்ராக்ஸி.டைப் 1 என்று இருந்தது; கையால் கொடுத்த ப்ராக்ஸி (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்) வழியாகப் போ என்று அர்த்தம். அதோடு எங்கள் ஆபீஸ் ப்ராக்ஸியின் முகவரி. டவுன்லோடு ஃபோல்டரின் பாதையில் அந்தத் தம்பியின் பெயர். ப்ராக்ஸியை எடுத்துவிட்டு மெயில் பக்கத்தைத் திறந்தால், அவருடைய ஐடியும் பாஸ்வேர்டும் தானாக நிரம்பி நின்றன! சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் லாகின்ஸ்.ஜேசான், அவற்றைத் திறக்கும் சாவி இருக்கும் கீ4.டிபி இரண்டும் ஃபோல்டரோடு சேர்ந்து போயிருக்கின்றன; அவற்றைப் பூட்டிவைக்கும் ப்ரைமரி பாஸ்வேர்டும் போடவில்லை. முதல் வேலையாக அந்தப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். அப்புறம் அவரும் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மலையேறி வந்து, ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் துடைத்தார்.

நீங்கள் மாற்றியது மட்டும் ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ்ஸில் இருக்காது. பயர்பாக்ஸ் தன் போக்கில் குறித்துக்கொண்டதும் அதில்தான் கிடக்கும். காப்பி செய்தால் என்னென்ன கூடப் போகிறது என்று உங்களுக்கே தெரியாது.

இதற்கென்றே, எல்லாருக்கும் பொதுவான செட்டிங்குகளை எழுதிவைக்கும் பாலிசீஸ்.ஜேசான் என்ற ஃபைல் இருக்கிறது. பயர்பாக்ஸ் 60 வந்த 2018 முதலே உண்டு. விண்டோஸில், பயர்பாக்ஸ் இன்ஸ்டால் ஆன இடத்தில் டிஸ்ட்ரிப்யூஷன் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வையுங்கள். வேண்டியதை மட்டும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் முகவரிப் பட்டையில் அபௌட்:பாலிசீஸ் அடித்துப் பாருங்கள். எது அமலில் இருக்கிறது, எதில் பிழை என்று காட்டிவிடும்.

மிஞ்சிய கமா

அந்த பாலிசீஸ்.ஜேசான் ஃபைலில் கடைசி வரிக்குப் பின் ஒரு கமா நின்றால் மொத்தப் பாலிசியும் போச்சு.

ஸ்டேட்டஸில் 'யூசர்' போடுவது

அதே ஃபைலில், தனித்தனி செட்டிங்குகளைக் கொடுக்கும் ப்ரிஃபரன்சஸ் பாலிசியில் ஸ்டேட்டஸை இப்படிப் போட்டால் அந்த செட்டிங் ப்ரொஃபைலுக்குள் எழுதப்பட்டுவிடும். பிறகு பாலிசியை நீக்கினாலும் அது போகாது. சோதித்துப் பார்ப்பதற்கு 'டிஃபால்ட்' போதும். யாரும் மாற்றவே கூடாது என்றால் மட்டும் 'லாக்டு'.

அப்டேட்டை நிறுத்துவது

வேண்டாம்.

ஆட்டோகான்ஃபிக் ஃபைலின் முதல் வரி

ஆட்டோகான்ஃபிக் என்பது பொதுவான செட்டிங்குகளைக் கொடுக்கும் இன்னொரு ஃபைல். அதன் முதல் வரியை பயர்பாக்ஸ் கணக்கிலேயே எடுக்காது. இரண்டு சாய்கோடு போட்டு அங்கே ஒரு குறிப்பு எழுதிவிட்டு, செட்டிங்கை இரண்டாம் வரியிலிருந்து தொடங்குங்கள்.